நான்காவதாக ஓடி வந்தவளின் பெயரையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேடுபள்ளமான திறந்தவெளியில் நெடுந்தொலைவு ஓடும், இடைநிலைப்பள்ளிகளுக்கான எங்கள் மாவட்டக் குறுக்கோட்டப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். மற்ற நாட்களில் ஐரோப்பியக் காற்பந்தே நிறைந்திருக்கும் விளையாட்டுப் பக்கத்தில் நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால், படத்தில் பொன்னாடை போர்த்திய பிரமுகர்கள் முன்வரிசையில் பளிச்சென்று தெரிய, ஓடிய பிள்ளைகள் அவர்களுடைய தோள்களுக்குப் பின்னால் பாதி முகங்களாக நின்றார்கள். செய்தியிலோ தனிநபர் பிரிவில் முதலாவதாக வந்த மாணவியின் பெயர் மட்டுமே இருந்தது. குழுப் பிரிவில் வென்றது அவருடைய பள்ளி அன்று, வேறொரு பள்ளி. வென்ற அந்தக் குழுவில் என் மகளும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிகளில் எல்லாரும் மலாய் மொழியில் 'மெரெந்தாஸ் டேசா' என்று சொல்லும் இந்த ஓட்டத்தைத் தனியாள் போட்டி என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். நாங்கள் பார்த்த போட்டியில் ஒவ்வொரு பள்ளிக்கும் அறுவர் ஓடினார்கள். அவர்களில் முந்தி வரும் நால்வர் பிடித்த இடங்களைக் கூட்டி, குறைந்த தொகை பெற்ற பள்ளிக்கு வெற்றி என்று அறிவித்தார்கள். என் மகளின் பள்ளி 3, 9, 14, 31 ஆகிய இடங்களைப் பிடித்து 57 புள்ளிகள் பெற்றது. முதல் இடத்தைப் பிடித்த மாணவியின் பள்ளிக்கு 1, 6, 20, 33 ஆக 60 புள்ளிகள். 31ஆவதாக வந்தவள் என் மகள். கடைசி இருநூறு மீட்டரில் அவள் நால்வரைத் தாண்டினாள். தாண்டாமல் 35ஆவதாகவே வந்திருந்தால், எதிரணியின் நான்காவது மாணவி ஓரிடம் முன்னேறியிருப்பார், 61க்கு 59 என்று நாங்கள் தோற்றிருப்போம். அந்த இருநூறு மீட்டரை அப்போது யாரும் கவனிக்கவில்லை. முதலாவதாக வந்தவரோடு எல்லாரும் மைலோ பானம் கொடுக்கும் வண்டியின் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் குறுக்கோட்டத்திலும் இதேதான் நடந்தது. கடும் வெயிலில் புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் ஓட்டத்தை முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாகவும் வில்லே ரித்தோலா இரண்டாவதாகவும் வந்துவிட்டார்கள், ஆனாலும் குழுப் பதக்கத்துக்கு மூன்றாமவர் ஒருவர் வேண்டும். தட்டுத்தடுமாறி 12ஆவதாக வந்து சேர்ந்த ஹெய்க்கி லீமத்தாய்னென்தான் பின்லாந்துக்குக் குழுத் தங்கத்தை உறுதிசெய்தார். நூர்மியை உலகமே அறியும். மூன்றாமவரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பிள்ளைகளின் பருவம் ஏறக்குறைய ஆறு வாரம்தான். பள்ளி அளவிலான ஓட்டத்தில் தேர்வானவர்கள், புறப்பாட நடவடிக்கை இல்லாத நாட்களிலும் தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் பயிற்சி செய்தார்கள். பூங்கா வாசலருகே தொடங்கிப் பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் சாலையின் முதல் வளைவுகளிலேயே மூச்சு வாங்கும். தைப்பூசத்தில் காவடியோடு தண்ணீர்மலைப் படிகளில் ஏறியவர்களுக்குக் கூட அந்தச் சாலை எளிதன்று என்று உடற்கல்வி ஆசிரியர் வேடிக்கையாகச் சொல்வாராம். போட்டி முடிந்து வந்தபோது, வழியிலுள்ள சோதனைச் சாவடிதோறும் கொடுத்த ரப்பர் வளையங்கள் என் மகளின் மணிக்கட்டில் அப்படியே இருந்தன. ஒரு வளையம் குறைந்தாலும் ஓடியது செல்லாது என்பதால் வழிநெடுக அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓடினாளாம். காலுறை முழுக்கப் புல்விதை ஒட்டியிருந்தது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். குறுக்கோட்ட முடிவுகளை வெளியிடும்போது, வென்ற குழுவின் ஆறு பேருடைய பெயர்களையும் அவர்கள் பிடித்த இடங்களையும் சிறு எழுத்திலாவது அச்சிடுங்கள். ஐந்தாமவரும் ஆறாமவரும் புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை என்றாலும், அவர்கள் முந்துகிற ஒவ்வொரு எதிரணி மாணவியின் இடமும் ஒன்று கூடுகிறது. எனவே அவர்களை விட்டுவிடுவதும் நியாயமாகாது. இதற்காகத் தாங்கள் நிருபர் எவரையும் அனுப்ப வேண்டியதில்லை. போட்டி முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் சுவரில் ஒட்டுகிற முடிவுத்தாளில் எல்லாம் இருக்கிறது. இந்த ஆண்டின் தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் இன்றே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
படிவம் நான்கு மாணவி ஒருத்தியின் தந்தை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.