பேட்டரித் தொழில்: கடலூர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஆசிரியருக்கு,

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பேட்டரி ஆலை வந்தால் நல்லதுதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே லித்தியம் செல் தயாரிப்பில் இறங்குவது கடற்கரை ஊருக்குக் கட்டுப்படியாகாது. செல்லுக்குள் மின்னேற்றத்தைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை உண்டாக்கிச் செல்லைக் கெடுக்கும். எலக்ட்ரோலைட்டை நிரப்பும் அறையில் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றை அந்த அளவுக்கு உலர்த்த ஆகும் கரண்ட் செலவே பெரும் சுமை.

முதலில், வாங்கிய செல்களை இணைத்து மின்வண்டிக்கான பேட்டரி பேக் கோக்கும் வேலையைப் பிடிப்போம். 3.2 வோல்ட் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16-ஐத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். வெல்டிங்குக்கு முன் ஒவ்வொரு செல்லின் கொள்ளளவையும் உள்மின்தடையையும் அளந்து, ஒத்தவற்றை மட்டுமே சேர்க்க வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் பலவீனமான ஒரு செல் முதலில் காலியாகும், உடனே பி.எம்.எஸ். எனும் பேட்டரிக் கண்காணிப்புச் சுற்று மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். வண்டி நடுரோட்டில் நிற்கும்.

செல்களை இணைக்க வெல்டிங் செய்யும் நிக்கல் பட்டை என்ற பெயரில் நிக்கல் பூசிய இரும்பும் விற்கிறார்கள். கீறிவிட்டு உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டால் துரு காட்டிக்கொடுத்துவிடும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு, செல் தரம் பிரித்தலையும் ஸ்பாட் வெல்டிங்கையும் மாவட்ட ஐ.டி.ஐ.களில் அரசு கற்றுத்தர வேண்டும்.

– வாசகர், கடலூர் முதுநகர்