மறுநடவின்போது ஓடைக்கரைகளைக் காட்டுக்கு விட்டுவிடுங்கள்: அரசு ரப்பர் கழகத்துக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசு ரப்பர் கழக நிர்வாகத்தினருக்கும் கன்னியாகுமரி மாவட்ட வனத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு எனப் பரந்து கிடக்கும் கழகத்தின் தோட்டங்கள் வனத்துறையிடமிருந்து பெற்ற நிலத்தில் வளர்ந்தவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை தந்தவை. 1984இல் கழகம் அமைந்த பின்னும் அக்குடும்பங்களில் பலவற்றுக்குப் பால்வெட்டுதான் சோறு போடுகிறது. ஆகவே தோட்டங்களை மூடிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வயது முதிர்ந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது, ஓடைக்கரைகளிலும் காட்டை ஒட்டிய விளிம்புகளிலும் திரும்பவும் ரப்பர் நட வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

ரப்பர் அமேசான் காட்டின் மரம். இங்கே அது மார்கழி, தை மாதங்களில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும்போது, ஆண்டு முழுவதும் நிழலும் ஈரமும் நிறைந்திருந்த சோலையின் தரை வெயிலில் காய்கிறது. அதன் விதை நச்சுத்தன்மை உடையது; பறவைகள் தின்னும் சதைப்பற்றுள்ள கனி அதில் இல்லை. மரத்துக்கு ஏறத்தாழ முப்பது வயதாவதற்குள் வெட்டிவிடுவதால், இருவாச்சிப் பறவை கூடு வைக்கும் அளவுக்குப் பெரிய பொந்துகள் அதில் உண்டாவதும் இல்லை. தாய்லாந்தின் தெற்குப் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. காடு ரப்பர் தோட்டமாகவோ எண்ணெய்ப்பனைத் தோட்டமாகவோ மாறிய இடங்களில் பறவை இனங்களின் எண்ணிக்கை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்ததையும், பூச்சியும் பழமும் தின்னும் பறவைகளே பெரிதும் மறைந்திருந்ததையும் அது காட்டியது. தென்கிழக்காசியாவில் 1993க்குப் பிறகு ரப்பருக்காக அழிந்த காடு 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்று 2023இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. நம் மாவட்டத்தின் தோட்டங்கள் அதற்கும் முந்தியவை. இங்கே புதிதாகக் காடு அழிகிறது என்று நான் சொல்லவில்லை. அழிந்ததில் ஒரு பகுதியையாவது மீட்கும் வாய்ப்பு ஒவ்வொரு மறுநடவிலும் வருகிறது என்றே சொல்கிறேன்.

ரப்பரால் உயிர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி, புதுத் தளிர் விடும் காலத்தில் ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் தேனிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அந்தச் சில வாரங்கள் கழிந்ததும் தோட்டத்தில் தேனீக்களுக்கு உணவு அரிதாகிறது. வளர்ப்போர் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். காட்டுத் தேனீக்களுக்குப் பாகு வைக்க யாரும் இல்லை. நாவல், அத்தி, புங்கு, அயனி போன்ற மரங்கள் ஓடையோரம் வரிசையாக நின்றால், வெவ்வேறு மாதங்களில் பூவும் கனியும் கிடைக்கும். கருமந்தியும் மலையணிலும் தரையில் இறங்காமல் காட்டிலிருந்து காட்டுக்குப் போகவும் வழி கிடைக்கும்.

ஓடைகளை முதலில் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் இலையுதிர் நோயைத் தடுக்க ரப்பர் மரங்களுக்குத் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிப்பது பரவலான வழக்கம். தாமிரம் மீனுக்கும் தவளையின் தலைப்பிரட்டைக்கும் கேடு செய்வது. நீரின் விளிம்பு வரை ரப்பர் நிற்கும் இடத்தில், தெளித்த மருந்து முதல் மழையிலேயே ஓடைக்கு வந்து சேர்வதைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை. அந்த ஓடைகளில் பல பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குப் போகின்றன. நீர் தேங்கும் மண்ணில் ரப்பர் செழிப்பதில்லை என்பது தோட்டக்காரர்கள் நன்கறிந்த செய்தி. ஆகவே ஓடையோரத்தின் தாழ்வான ஈர நிலங்களை விட்டுக்கொடுப்பதால் பெரிய வருவாய் போய்விடாது.

காட்டு விளிம்பைப் பொறுத்தவரை யானையே முதல் கவலை. 2008இல் 402 சதுர கிலோமீட்டர் பரப்பில் கன்னியாகுமரி காட்டுயிர்ச் சரணாலயமும், 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. ரப்பர் கன்றுகளுக்கு இடையே முதல் சில ஆண்டுகள் அன்னாசி பயிரிடும் வழக்கம் இம்மாவட்டத்தில் உண்டு. அன்னாசியின் மணம் யானையை வரவழைக்கும். இருட்டு விலகுமுன் தலைவிளக்குடன் பால்வெட்டப் போகும் தொழிலாளிதான் அதற்கு எதிரே போய் நிற்க நேரிடும். காட்டை ஒட்டிய பகுதிகளில் அன்னாசிக் குத்தகையை அறவே தவிர்க்குமாறு வேண்டுகிறேன். மண்ணரிப்பைத் தடுக்க வளர்க்கும் முக்குனா கொடியும் அவ்விளிம்புகளில் கூடாது. அது வேலி தாண்டிப் படர்ந்து, முளைத்து வரும் காட்டுக் கன்றுகளை மூடி அமுக்கிவிடுகிறது.

அடுத்த மறுநடவுக்குரிய பகுதிகளின் வரைபடத்தை மரம் வெட்டுவதற்கு முன்பே பொதுவில் வெளியிடுங்கள். ஒவ்வொரு ஓடையின் இரு கரையிலும் எத்தனை மீட்டர் விடுவது என்பதை வனத்துறையும், அந்த மலையை நன்கறிந்த காணிப் பழங்குடியினரும் கழகத்துடன் சேர்ந்து நடந்து பார்த்து முடிவு செய்யட்டும். நாற்றங்காலும் கன்று நடும் பணியும் கழகத்தின் தொழிலாளர்களுக்கே போகட்டும்; விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கான வேலைநாள்கள் அவர்கள் கூலியில் குறையக் கூடாது.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டக் குடிமக்களில் ஒருவர்