அக்டோபர் 16: பசி பற்றிய வடிவமைப்புக் காட்சி

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

உலக உணவு தினமான அக்டோபர் 16 அன்று மாலை 5 மணிக்குப் பள்ளி அரங்கில் பிள்ளைகளின் வடிவமைப்புக் காட்சி நடக்கிறது.

ஐ.நா. கணக்குப்படி 2024இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் வாடினார்கள். எண்ணாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. 12 தட்டுகளை வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் காலியாக விட்டால் உறைக்கும். கிட்டத்தட்ட 12 பேரில் ஒருவர் என்பதுதான் அந்தக் கணக்கு. இப்படிப்பட்ட யோசனைகள்தான் வேண்டும்.

1. சுவரொட்டி, களிமண் கிண்ணம், சீல் வைத்த உணவு டப்பாக்களை அடுக்கிச் செய்யும் சிற்பம் எதுவானாலும் சரி.
2. டப்பாக்களைத் திறக்கவோ பசை தடவவோ வேண்டாம். காட்சி முடிந்ததும் அப்படியே உணவு வங்கிக்குப் போகும். காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.
3. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் வேண்டாம். போர், வறட்சி, விலையேற்றம் என்று காரணத்தைக் காட்டட்டும்.
4. வேலை பிள்ளைகளுடையதாகவே இருக்கட்டும். அப்பா அம்மா கைவண்ணம் பார்த்தாலே தெரிந்துவிடும்!
5. பெயர், வகுப்பு, செய்யப்போவது என்ன என்பதை அக்டோபர் 10க்குள் இங்கேயே பதிவிடுங்கள்.

அப்புறம், அன்று மதியம் மேசை போட நான்கு பேர் தேவை. முடிந்தவர்கள் 'வருகிறேன்' என்று போடுங்கள்.