பஸ்ஸை மாற்றுவதற்கு முன் டிப்போவுக்கு கேஸ் கொண்டுவாருங்கள்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் எட்டு அரசு போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

டீசல் பஸ்களை சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தி நிரப்பும் இயற்கை எரிவாயுவுக்கு, மாற்றுவதை எதிர்த்து இதை எழுதவில்லை. 2025-26 பட்ஜெட்டில் 700 டீசல் பஸ்களை 70 கோடி ரூபாய் செலவில் மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. பஸ் ஒன்றுக்குப் பத்து லட்சம், புது வண்டி விலையோடு பார்த்தால் குறைவுதான். கரும்புகை கக்கும் பழைய டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் போகிற யாரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மாற்றிய வண்டிக்கு கேஸ் எங்கே பிடிப்பீர்கள்?

இந்தப் பேச்சு வந்தாலே டெல்லியைத்தான் உதாரணம் காட்டுகிறோம். காட்டலாம், ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று போட்ட உத்தரவில், 2001 மார்ச் 31க்குள் நகர பஸ்கள் அத்தனையும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்ற வரி மட்டும்தான் பலருக்கு நினைவிருக்கிறது. ஒன்பதாக இருந்த கேஸ் நிலையங்களை 2000 மார்ச்சுக்குள் எண்பதாக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருந்தது. அதாவது கேஸ் முதலில், பஸ் அதற்கு ஒரு வருஷம் கழித்து. காகிதத்தில் வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கெடு வந்தபோது பஸ்ஸும் போதவில்லை, கேஸும் போதவில்லை. 2001 ஏப்ரல் தொடக்கத்தில் ஜனங்கள் பஸ் கிடைக்காமல் தெருவில் தவித்தார்கள், ஆட்டோக்களும் பஸ்களும் கேஸுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றன, அடுத்த வருஷம் ஏப்ரலில் டீசல் பஸ்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயில் தொடங்கி அபராதம் போட வேண்டி வந்தது, கடைசி டீசல் நகர பஸ் சாலையை விட்டுப் போக 2002 டிசம்பர் ஆனது. காற்று கொஞ்சம் தெளிந்தது உண்மை. நடுவில் அல்லல்பட்டது பஸ்ஸை நம்பி இருந்தவர்கள் என்பதும் உண்மை.

டீசல் வண்டி இரவு டிப்போவுக்குள் வந்தால் சில நிமிடத்தில் டேங்க் நிறைந்துவிடும். கேஸை 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் சிலிண்டருக்குள் ஏற்ற வேண்டும். குழாய் வழியாக கேஸ் வந்து, பெரிய கம்ப்ரஸரும் இருந்தால் வேலை ஓடும். லாரியில் சிலிண்டர் அடுக்கைக் கொண்டுவந்து இறக்கி நிரப்புகிற இடம் என்றால், சில பெரிய வண்டிகளுக்குப் பிடித்ததுமே அடுக்கில் அழுத்தம் இறங்கிவிடும், பின்னால் வருகிற வண்டிக்கு அரை டேங்க்தான். சிஎன்ஜி ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் 'பிரஷர் இல்லை' என்ற வார்த்தையின் அர்த்தம் தெரியும். போதாததற்கு நம் வெயில் வேறு. சிலிண்டர் சூடாக இருந்தால் அதே அழுத்தத்தில் குறைவான கேஸ்தான் அடங்கும், ஆக வேலூரில் கத்திரி வெயிலில் நிரப்பிய வண்டி மார்கழியில் ஓடிய தூரம் ஓடாது. கம்ப்ரஸருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

டிப்போவுக்குள் கேஸ் இல்லை என்றால் வண்டி வெளி பங்குக்குப் போக வேண்டும். போக வர ஆள் ஏறாத வெற்று ஓட்டம், வரிசையில் நிற்கும் நேரம், ஓட்டுநரின் டியூட்டி நேரம் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு ட்ரிப் கட் ஆகும். எந்த ட்ரிப் கட் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. கலெக்‌ஷன் இல்லாத கிராமத்து ட்ரிப்தான். 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லாமல் சாதாரண டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற பெண்கள்தான் அதற்காகக் காத்து நிற்பார்கள்.

மின்சார பஸ் விஷயத்தில் இதைச் சரியாகச் செய்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டபோது சார்ஜ் ஏற்றும் வசதி டிப்போவுக்குள்ளேயே இருந்தது. கேஸுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

அப்புறம், எந்த வண்டியை மாற்றுகிறீர்கள்? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி செய்த வண்டியில் புகை வடிகட்டி ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்றிக் கிடைக்கிற லாபம் சொற்பம். அரசு வண்டிகள் 15 வருஷத்தில் கழிவுக்குப் போக வேண்டும் என்ற விதி இருப்பதால், 12 வருஷம் ஓடிய வண்டியில் பத்து லட்சம் போட்டால் மூன்றே வருஷம்தான் ஓடும். நடுவில் இருக்கிற, அதற்கு முந்தைய பிஎஸ்-4 விதிப்படி வந்த வண்டிகளை, அதிலும் நகரத்துக்குள் நாளெல்லாம் நின்று நின்று ஓடுகிறவற்றை எடுங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கேஸுக்கு அது வேண்டும், கம்ப்ரஷனும் குறைய வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டிப்போ மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்காமல் வண்டியை மட்டும் அனுப்பினால், முதல் கோளாறிலேயே அது ஷெட்டில் ஓரங்கட்டப்படும். கேஎம்பிஎல் (லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர்) குறைந்தது என்று ஓட்டுநரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் பழக்கமும் இருக்கிறதே, கேஸ் லிட்டரில் அல்ல, கிலோவில் வருகிறது. புதுக் கணக்கு என்ன என்பதை ஓட்டிப் பார்த்து, தொழிற்சங்கங்களோடு பேசி முடிவு செய்யுங்கள். டீசல் கணக்கை அப்படியே அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணூரில் 2019இல் திறந்த திரவ இயற்கை எரிவாயு முனையத்துக்கு வருவது கப்பலில் இறக்குமதியாகும் கேஸ். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் உலகச் சந்தையில் அது எங்கே போய் நின்றது என்று பார்த்தோம், எனவே 'டீசலைவிட மலிவு' என்ற கணக்கை இன்றைய விலையை மட்டும் வைத்துப் போட வேண்டாம். அதற்காக, பஸ்ஸுக்கு கேஸ் வேண்டும் என்று சொல்லி டெல்டாவில் புதுக் கிணறு தோண்டும் பேச்சையும் யாரும் எடுக்க வேண்டாம், 2020இல் சட்டம் போட்டு அந்த மண்ணைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியிருக்கிறோம்.

ஆகவே, எந்த டிப்போவில் எத்தனை வண்டி மாறுகிறது, அங்கே கேஸ் குழாயில் வருகிறதா லாரியில் வருகிறதா, ஓர் இரவில் எத்தனை வண்டிக்குப் பிடிக்க முடியும், இந்த மூன்றையும் டிப்போ வாரியாக வெளியிடுங்கள். பதில் இல்லாத டிப்போவில் இப்போதைக்கு டீசல் வண்டியே ஓடட்டும்.

இப்படிக்கு,
தினமும் அரசு பஸ்ஸில் போய்வரும் பயணி