எல்லாமே பற்றாக்குறை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். மருத்துவக் குறிப்பு, கணக்கறிக்கை, பள்ளிக் கடிதம் என எது வந்தாலும் செய்வேன். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் ஒரே பக்கத்தில் 'பற்றாக்குறை' என்ற சொல்லை ஐந்து இடங்களில் பார்த்தேன். மருந்து கிடைக்கவில்லை, அரசின் வரவைவிடச் செலவு கூடிவிட்டது, உடம்பில் சத்து குறைந்தது, தூக்கம் போதவில்லை, ஓர் அணி இலக்கை எட்டாமல் தோற்றது. ஐந்துக்கும் அதே சொல்!

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், மகனின் பள்ளியிலிருந்து வந்த குறிப்போடு என்னிடம் வந்தார். பையனின் எழுத்துவேலை 'ஃபால்ஸ் ஷார்ட்' (falls short, எட்டாமல் நிற்கிறது) என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ செய்திருந்த தமிழில் 'எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவர்' என்று இருந்தது. மடித்தும் பிரித்தும் அந்தத் தாள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "என் பிள்ளைக்கு என்னம்மா குறைபாடு?" என்று கேட்டார். ஒரு குறைபாடும் இல்லை. விட்ட அம்பு இலக்குக்கு நாலடி முன்னால் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தது போய்ச் சேரலாம். தாளின் ஓரத்தில் 'இன்னும் எட்டவில்லை' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். குறைபாடு என்று சொல்லிவிட்டால் அது ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தாய் மூன்று இரவு தூங்கவில்லையாம்.

குறைபாடு என்ற சொல்லுக்குச் சரியான இடம் டெஃபிஷியன்சி (deficiency), அதாவது உடம்புக்கு வேண்டிய சத்து இல்லாமை. இரும்புச்சத்துக் குறைபாடு என்றால் இரத்தம் சம்பந்தப்பட்டது. இரும்புத் தட்டுப்பாடு என்றால் கட்டட வேலை நிற்கும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி என்ற, ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். மற்றபடி பன்னிருவருக்கும் ஒரே சாப்பாடு. பட்டினி கிடந்து வந்த நோய் அல்ல அது. சாப்பாட்டில் ஒரு சத்து இல்லாததால் வந்தது. இதைப் பற்றாக்குறை என்று எழுதினால், படிப்பவர் இன்னும் நிறையச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பார்.

டெஃபிசிட் (deficit) வேறு. லத்தீனில் அது 'குறைகிறது' என்னும் வினைமுற்று. கணக்கேட்டில் எழுதி எழுதியே பெயர்ச்சொல்லாகிவிட்டது. வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழும் துண்டு அது. பேச்சில் 'இந்த மாசம் துண்டு விழுது' என்கிறோமே, அதேதான். இதைக் கடனோடு குழப்புவது இன்னொரு தொல்லை. இந்த ஆண்டு பற்றாக்குறை குறைந்தது என்றால் கடன் குறைந்தது என்று பொருளில்லை. துண்டு சின்னதாக விழுந்தாலும் கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது டெர்த் (dearth) என்ற சொல். ஒன்று அரிதாகிவிட்ட நிலையைச் சொல்வது. 'டியர்' (dear) என்பதிலிருந்து பிறந்தது. டியர் என்றால் அன்புக்குரியது, விலை கூடியது என்று இரண்டும். பொருள் கிடைக்காதபோது விலை ஏறும். அதனால் டெர்த் பஞ்சத்தையும் குறித்தது. நம் 'அருமை'யை நினைத்துப் பாருங்கள்! அரிதாகக் கிடைப்பதும் அருமை, மனசுக்கு உயர்ந்ததும் அருமை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் போயிருக்கின்றன. முதன்முதலாக இது கண்ணில் பட்டபோது அன்றைய வேலையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஃபியூ (few), எ ஃபியூ (a few) என்ற இரண்டையும் 'சிலர்' என்றே எழுதுகிறீர்கள். கூட்டத்துக்கு 'ஃபியூ' வந்தார்கள் என்றால் எழுதியவருக்கு ஏமாற்றம். 'எ ஃபியூ' என்றால் பரவாயில்லை, வந்திருக்கிறார்கள் என்று பொருள். நமக்கு ஓர் ஏகாரம் போதும்: சிலரே வந்தார்கள், சிலர் வந்தார்கள். கையில் இருப்பதை எடுத்துப் போட ஏன் மறக்கிறோம்?

செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். நானும் அந்த அவசரத்தில்தான் வேலை செய்கிறேன். எது, எதற்குக் குறைகிறது என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் சொல் தானே வரும். மருந்துக்குத் தட்டுப்பாடு என்று போடுங்கள். தூக்கம் போதவில்லை என்றே எழுதலாம், அதைப் பெயர்ச்சொல்லாக்க வேண்டிய அவசியமே இல்லை. தோற்ற அணி இலக்கை எட்டவில்லை. உடம்புக்குச் சத்துக் குறைபாடு. நிதிப் பற்றாக்குறையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே அது சரியான சொல்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகியான ஒரு மொழிபெயர்ப்பாளர்