எந்தச் சாஃப்ட்வேர் என்று கேட்டாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே ‘பதில் எழுத வேண்டும்’ என்று என் போர்டில், அதாவது வேலைகளைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்டுகிற கணினிப் பலகையில், ஒரு கார்டு போட்டேன். அதை ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பத்திக்கு நகர்த்தினேன். அதோடு எழுதியே முடித்துவிட்டது போல ஒரு நிம்மதி. பேனாவை எடுத்தது இன்றைக்குத்தான். குழு வேலையை எந்தச் சாஃப்ட்வேரில் நடத்துவது என்று நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் வாழ்த்து. ஒன்பது பேர், எட்டு மாதம், நாற்பது வருடத்துப் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து, சரிபார்த்து, தேடினால் கிடைக்கிற மாதிரி கணினியில் ஏற்ற வேண்டும். பேப்பரைக் கண்டாலே ஓடுகிறவன் தலையில் இந்த வேலையைக் கட்டியிருக்கிறார்கள் என்றால் உன் மேலதிகாரிகளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்தான். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படியை மட்டும் கொஞ்ச நாள் மறந்துவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘ட்ரெல்லோவா, ஜிராவா, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டா, இல்லை எக்செல்லே போதுமா?’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இந்த நாலிலும் வேலை பார்த்திருக்கிறேன். நான் பட்ட அடிகளுக்கு இவற்றில் எதன் மேலும் பழி போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை என் பொறுப்பில் நடந்தது. என் போர்டு அவ்வளவு அழகு. 340 கார்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பெயர், ஒரு தேதி. திங்கள்கிழமை மீட்டிங்கில் அதைத் திரையில் போட்டுக் காட்டும்போது எனக்கே பெருமையாக இருக்கும். அதில் ‘தரவு மாற்றம்’ என்று ஒரு கார்டு 23 நாளாக ஒரே பத்தியில் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு முடிந்தது என்று வாராவாரம் கேட்பேன். ‘90 சதவீதம் சார்’ என்று பதில் வரும். ஒரு நாள் லிஃப்டில் அந்தப் பையன் போகிற போக்கில் சொன்னான்: ‘புது சர்வருக்குள்ள போக இன்னும் அனுமதி வரலை சார்.’ அனுமதியை யார் கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டிருப்பேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் கேட்டிருப்பான் என்று நான் நினைத்திருக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்து. அதற்கு ஐந்து வாரத் தாமதம். 340 கார்டில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு கார்டு கிடையாது. அது யாருடைய வேலையாகவும் இல்லை, வெறும் காத்திருப்பு. அதனால் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எந்த போர்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் காத்திருப்பைத்தான் தேடுகிறது. செய்கிற வேலையை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். யாருக்காக, எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பதை எழுதுவதில்லை. எழுதினால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று கூச்சம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகளுக்கு அடிப்படை போட்டவர்கள் எல்லாம் காத்திருப்பைத் துரத்திக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேண்ட் 1910களில் பிரபலமாக்கிய பட்டை வரைபடத்தில் எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்று தெரியும். எது எதற்காக நிற்கிறது என்று தெரியாது. அதைக் கணக்குப் போட 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ஒரு முறையை உண்டாக்கினார்கள். கிரிட்டிகல் பாத் என்கிறோமே, அதுதான்: ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளின் சங்கிலிகளில் மிக நீளமானது, மொத்த வேலையும் எப்போது முடியும் என்று தீர்மானிப்பது. அவர்கள் யுனிவாக் கணினியில் ஓட்டிப் பார்த்த அந்தக் கணக்கைத்தான் உன் மடிக்கணினி இன்று கண்மூடித் திறப்பதற்குள் போடுகிறது.

உன் வேலையையே எடுத்துக்கொள். பெட்டிகளைப் பிரித்து அடுக்க 4 வாரம், ஸ்கேன் செய்ய 10 வாரம், சரிபார்க்க 6 வாரம் என்று வை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மொத்தம் 20 வாரம். இன்னொரு பக்கம் தேடுதலுக்கான தலைப்புப் பட்டியல் தயாரிக்க 3 வாரம், அதை வைத்து மென்பொருளை அமைக்க 5 வாரம், ஆக 8 வாரம். இரண்டும் சேருகிற இடம், கணினியில் ஏற்றுகிற நாள். தலைப்புப் பட்டியல் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் உனக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பக்கம் 12 வாரம் இடம் இருக்கிறது. ஸ்கேனர் ஒரு வாரம் படுத்துவிட்டால் மொத்த ப்ராஜெக்டும் ஒரு வாரம் தள்ளும். ஆனால் மீட்டிங்கில் என்ன நடக்கும் தெரியுமா? தலைப்புப் பட்டியலைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடுவீர்கள். அதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஸ்கேனருக்கு மாற்று உண்டா என்று ஒருவர்கூடக் கேட்க மாட்டார். சாஃப்ட்வேர் இந்த இடத்தில் உண்மையாகவே உதவும், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் அம்புக்குறிகளை நீ ஒழுங்காகப் போட்டிருந்தால். அது போடாது, நீதான் போட வேண்டும்.

அடுத்தது கான்பான், நம் கார்டு போர்டுகளுக்கெல்லாம் மூலம். இதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்ள அனுமதி கொடு. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ அதைக் கொண்டுவந்தபோது, அலமாரியில் காலியான இடத்தை மட்டும் நிரப்புகிற அமெரிக்க சூப்பர்மார்க்கெட் முறைதான் அவருக்கு முன்மாதிரி. கார்டு வந்தால்தான் அடுத்த பாகத்தைச் செய்யலாம். வராவிட்டால் கையில் நேரம் இருந்தாலும் செய்யக்கூடாது. அதாவது அது அளவுக்கு மீறிச் செய்யாமல் தடுக்கிற கருவி. நாம் என்ன செய்தோம்? ‘செய்ய வேண்டியது’, ‘நடந்துகொண்டிருக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று பத்தியைப் போட்டுக்கொண்டோம், அளவை விட்டுவிட்டோம். நடுப்பத்தியில் கார்டுகள் மலை மாதிரி குவிகின்றன. எல்லாம் ‘நடந்துகொண்டிருக்கிறது’, எதுவும் முடிந்தபாடில்லை.

இதற்கு ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி உண்டு. பெயருக்கேற்ற மாதிரி சின்ன விதிதான். கையில் எடுத்து முடிக்காத வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்குச் சராசரியாக முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக ஆகும் வாரங்கள் கிடைக்கும். உன் குழு வாரத்துக்கு 4 முடிக்கிறது, நடுப்பத்தியில் 24 கிடக்கிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 6 வாரம் அங்கே தூங்கும். அதே வேகத்தில், நடுப்பத்தியில் 8 மட்டும் இருந்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஓட வேண்டியதில்லை. புதிதாக எடுப்பதை நிறுத்தினால் போதும். இதைச் சொன்னபோது என் மேலதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். சும்மா இருப்பதற்குக் கணக்கு சொல்கிறான் என்று நினைத்திருப்பார். ஒன்பது பேருக்கு நடுப்பத்தியில் பத்து, பன்னிரண்டுக்கு மேல் விடாதே. இது என் அனுபவக் கணக்கு, விதி ஒன்றும் கிடையாது.

ஆள் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர் ஒருவரோடொருவர் பேச 36 இணைப்புகள். மூன்று பேரைச் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினால் 66. தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய வேலையை நடத்திப் பார்த்த ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஸ்கேன் செய்கிற வேலைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. சரிபார்க்கிற வேலைக்குப் பொருந்தும்.

எட்டு மாதம் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. நீ எழுதியதைப் படிப்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன். 1994-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6. உண்மையில் ஆனது 55.5. மோசமாக நினைத்துப் பார்க்கக்கூட நமக்குத் துணிச்சல் போதவில்லை! அதனால் உன் ஆட்களிடம் ‘எத்தனை நாள்?’ என்று கேட்காதே. முதல் இரண்டு வாரம் நடக்கட்டும். எத்தனை பக்கம் உண்மையில் முடிந்தது என்று சாஃப்ட்வேரில் பார், அதை வைத்து மீதியைக் கணக்குப் போடு. அதன் ஞாபகம் நம் ஞாபகம் மாதிரி நம் பக்கம் சாயாது. அதற்குக்கூட வழியில்லாத புது வேலை என்றால், 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உண்டாக்கிய பெர்ட் முறை இருக்கிறது. நன்றாகப் போனால் 3 நாள், வழக்கமாக 5 நாள், கெட்டுப்போனால் 19 நாள் என்றால், நடுவிலிருப்பதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் அதோடு கூட்டி, ஆறால் வகு. 7 நாள் வரும். ஐந்து என்று சொல்லியிருந்தால் மாட்டியிருப்பாய்.

அப்புறம், டாஷ்போர்டு, வேலை எவ்வளவு நகர்ந்தது என்று ஒரே திரையில் காட்டுகிற பக்கம். மேலே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடு, வேறு வழியில்லை. ஆனால் முடித்த கார்டுகளின் எண்ணிக்கையைக் காட்டாதே. எங்கள் டீமில் அதைக் காட்டத் தொடங்கிய மாதமே கார்டுகள் குட்டி போட ஆரம்பித்தன. ஒரு வேலை ஐந்தாகப் பிளந்தது, எண்ணிக்கை ஏறியது, வேலை அதே இடத்தில் நின்றது. பிளந்தவர்களில் நானும் ஒருவன். உனக்குச் சரிபார்த்து முடித்த பக்கங்கள் என்ற நேரான அளவு இருக்கிறது, அதைக் காட்டு. சதவீதமும் வேண்டாம். முடிந்தது, முடியவில்லை, இரண்டே நிலை. கார்டின் தலைப்பில் ஒரு வினைச்சொல் இருக்கட்டும். ‘பெட்டி 12’ என்று எழுதினால் மூன்றாம் நாள் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதியவனுக்கே தெரியாது. ‘பெட்டி 12-ஐப் பிரித்து வருடவாரியாக அடுக்கு’ என்றால் யாரும் எடுத்துச் செய்யலாம்.

கடைசியில் உன் கேள்வி. ஒன்பது பேருக்கு ட்ரெல்லோ மாதிரி ஒரு எளிய போர்டில் தொடங்கு. நாலே பத்தி போதும், நாலாவதாக ‘காத்திருக்கிறது’ என்று ஒன்று. அதில் விழுகிற ஒவ்வொரு கார்டிலும் யாருக்காக, என்றிலிருந்து என்று எழுதச் சொல். தினமும் காலையில் அந்தப் பத்தியை மட்டும் படி. மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும். கிரிட்டிகல் பாத் கணக்குக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மாதிரி ஒன்றை நீ மட்டும் வைத்துக்கொள், ஒன்பது பேரையும் அதற்குள் இழுக்காதே. ஜிரா நல்ல கருவிதான், ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்களுக்காகப் பிறந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவை வெட்டித்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். எல்லா வசதிகளையும் திறந்துவிட்டுப் பார், பெயர்ப் பொருத்தம் புரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: உன் கோப்புகளில் மனிதர்களின் சொந்த விவரங்கள் இருக்கும். கார்டுகளில் அவற்றை ஒட்டாதே. விவரம் வெளியே போகவே கூடாது என்று சொன்னால், ஓப்பன்ப்ராஜெக்ட், ரெட்மைன் போன்ற திறமூலக் கருவிகளை உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது நம் விடுதி அறைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறோம் என்று கதவின் பின்பக்கம் சாக்கட்டியில் பதினைந்து வேலை எழுதினோமே. கட்டுரைகள் வந்தால்தான் அட்டைப்படம் வரைவேன் என்று நீ. அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுரையைத் தொடங்குவேன் என்று நான். ஒரு பருவம் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே காத்திருந்தோம். அந்தக் கதவோடு எடுத்த புகைப்படத்தைப் போன தடவை கேட்டிருந்தாய். தேடி எடுத்துவிட்டேன், சாக்கட்டி எழுத்து இன்னும் படிக்க முடிகிறது. தபாலில் அனுப்ப உன் புது முகவரி வேண்டும். வீடு மாறியதை இரண்டு பக்கம் எழுதியவன் கதவு எண்ணை எழுதவில்லை. ‘புகைப்படம் அனுப்பு’ கார்டு என் போர்டில் ‘காத்திருக்கிறது’ பத்தியில் இருக்கிறது. உன் பெயரோடு, இன்றைய தேதியோடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்