57 வயதில் கிடைத்த ஒரே ஒரு காட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோயமுத்தூர் பதிப்புதான் கேரள எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறது. ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடகி மரியன் ஆண்டர்சன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒருவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைத்ததே பெரிய விஷயம், நன்றி. ஆனால் கட்டுரையின் முக்கால்வாசியை 1939-ஆம் வருஷக் கச்சேரியே எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசியில், பின்னாளில் நியூயார்க்கின் இசை நாடக அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் பாடினார் என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1939 கதை பெரியதுதான், மறுக்கவில்லை. கறுப்பினத்தவர் என்பதால் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலை அவருக்குத் தர, அதை வைத்திருந்த சங்கம் மறுத்தது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேர் முன்னால் மரியன் பாடினார். கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது. ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது 42. மெட்ரோபாலிட்டன் கூப்பிட அதற்கப்புறமும் பதினாறு வருஷம் ஆனது. அந்த வருஷங்களில் படம் பிடிக்க ஒன்றுமில்லை, அதனால் கட்டுரையிலும் அவை இல்லை.

1955 ஜனவரி 7 அன்று, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘உன் பல்லோ இன் மாஸ்கெரா’ ஓபராவில், குறிசொல்லும் உல்ரிக்காவாக அவர் அங்கே மேடையேறினார். அந்த அரங்கில் ஒரு பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர். அவர் 1897 பிப்ரவரியில் பிறந்தவர், 58 நிறைய ஏழு வாரமே பாக்கி. உல்ரிக்கா வருவது ஒரு காட்சியில் மட்டும். ஓபரா மேடையில் அவர் ஏற்ற வேடம் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

கட்டுரையாளருக்கு இது ஏன் பெரிதாகப் படவில்லை என்று எனக்குப் புரிகிறது. நம் சங்கீதத்தில் 57 ஒரு வயதே இல்லையே! சாரீரம் தளர்ந்தால் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம், மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்ளலாம், மேல் ஸ்தாயியைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிஷ்யை பார்த்துக்கொள்வாள். எழுபதிலும் சபாவில் இடம் உண்டு, பட்டம் கிடைப்பதே அப்போதுதான். ஓபராவில் அது நடக்காது. மைக் கிடையாது. பழைய மெட்ரோபாலிட்டன் அரங்கில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். எழுதிவைத்த சுருதியிலேயே, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் தாண்டி, கடைசி வரிசைக்கு வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கென்று ஒரு வயது இருக்கிறது. அது போனால் போனதுதான்.

நூறு வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிற குரல் என்று இத்தாலிய இசை நடத்துநர் டோஸ்கானினி மரியனைச் சொன்னது 1935-இல், சால்ஸ்பர்க்கில். அப்போது வயது 38. அந்த 38-க்கும் 57-க்கும் நடுவே எத்தனை வேடம் ஏற்றிருப்பார் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் லியோன்டைன் பிரைஸைப் பாருங்கள். அவரும் கறுப்பினத்தவர். 1961 ஜனவரியில் அதே அரங்கில் முதன்முதலாகப் பாடியபோது அவருக்கு வயது 33, கைதட்டல் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓயவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அங்கே பாடினார்.

கட்டுரை அவர் குரலை ‘இனிமையான குரல்’ என்று சொல்லி முடித்ததிலும் எனக்குக் குறை உண்டு. அவருடையது கான்ட்ரால்டோ, பெண் குரல்களில் ஆகத் தாழ்ந்தது. பிலடெல்பியாவில் அவருடைய சர்ச் பாடகர் குழுவில் யாராவது வராவிட்டால் வராதவரின் பகுதியை, ஆண்களின் ஆகத் தாழ்ந்த குரலான பேஸ் வரைக்கும், சிறுமி மரியன் பாடிவிடுவாராம். அவர் பாட்டு கற்க அந்த சர்ச்காரர்கள்தான் காசு சேர்த்துக் கொடுத்தார்கள்.

நான் தமிழ்வழிப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். மூன்று கட்டையில், தாழ்ந்த சுருதியில், அருமையாகப் பாடுகிற ஒரு பெண்ணைப் பள்ளிக் கலை விழாவான உபஜில்லா கலோத்சவத்துக்கு அழைத்துப் போனேன். நடுவர் ஒருவர், இது ஆம்பிளைக் குரல், ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பழக்குங்கள் என்று அவள் காதில் விழும்படியே சொன்னார். இதே பாலக்காட்டு மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் அடிக்குரலில், அவசரமே இல்லாமல் பாடியதை நாம் கம்பீரம் என்கிறோம். பொண்குட்டிக்கு மட்டும் அது ஊனமா? ஏற்றிப் பாட வைத்து நாசமாக்கிய தொண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் பழக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பரிசும் வரவில்லை, சரி, போகட்டும்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: 1957-இல் மரியன் இந்தியாவுக்கும் வந்தார். டெல்லியில் காந்தி சிலை முன்பு, காந்திக்குப் பிடித்த ‘லீட் கைண்ட்லி லைட்’ என்ற கிறிஸ்தவப் பாடலைப் பாடினார். அமெரிக்க அரசு நல்லெண்ணத் தூதராக அவரை ஆசியாவுக்கு அனுப்பிவைத்த அதே மாதங்களில்தான், அமெரிக்காவிலேயே லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் ரகளை நடந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒரு திருத்தம். கான்ஸ்டிடியூஷன் ஹாலில் அவர் கடைசிவரை பாடவே இல்லை என்று படத்தின் கீழே போட்டிருக்கிறீர்கள். பாடினார். 1943-இல் அதே சங்கம் அழைத்து, போர் நிவாரண நிதிக்காக. 1964-இல் தன் விடைபெறும் கச்சேரிப் பயணத்தை அங்கேதான் தொடங்கினார். அடுத்த இணைப்பில் இதைத் திருத்திப் போடுங்கள். முடிந்தால் லியோன்டைன் பிரைஸைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.